பாலைவனத்து மடல்: பியர் விழாவுக்குப் போன மருமகன்



இம்முறை மடலின் தலைப்பைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கக்கூடும். "குடும்பங்கள் வாசிக்கிற புத்தகத்திலை பியர் விழாவைப் பற்றி என்ன கதை?" என்று என் மனைவியே கேட்டுவிட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் பிள்ளைகள் வேலைக்குப் போகும் இடங்களில் இந்த அழைப்புகள் வரத்தான் செய்கின்றன. நாங்கள் வீட்டில் கதைக்காவிட்டால் அவர்கள் வெளியில் யாரிடமாவது கேட்டு நடப்பார்கள். அப்படிக் கேட்டு நடந்தவர்கள் சிலரின் கதி எனக்குத் தெரியும். ஆகவே எழுதுகிறேன்.

என் அக்காவின் மகன் டுபாய்க்கு வந்து ஒன்பது மாதம். வயது 24. கப்பல் சாமான் அனுப்பும் ஒரு கம்பனியில் கணக்குப் பிரிவில் வேலை. எங்களோடு சார்ஜாவில்தான் இருக்கிறான். டுபாயை விட இங்கே வீட்டு வாடகை குறைவு என்பது உங்களில் பலருக்குத் தெரியும். கிளிநொச்சியில் அக்காவும் இரண்டு தங்கைகளும் அவன் அனுப்பும் காசைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அத்தான் 2009இல் இல்லாமல் போனார். அதற்கு மேல் நான் எழுதத் தேவையில்லை.

கடந்த ஒக்டோபரில் ஒரு நாள் இரவு சாப்பிடும்போது, "மாமா, எங்கட மனேஜர் எல்லாருக்கும் டிக்கெற் எடுத்துத் தந்திருக்கிறார். சனிக்கிழமை பியர் விழாவாம். போகாட்டி என்ன நினைப்பினமோ தெரியேல்லை" என்றான். மனேஜர் யேர்மன்காரர். பிரிவில் இருக்கும் 11 பேரும் போகிறார்களாம்.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் சோற்றைப் பார்த்தேன்.

"போறதெண்டால் நானும் வாறன்" என்று கடைசியில் சொன்னேன். எனக்கும் ஒரு டிக்கெற் வாங்கினான்.

அது என்ன விழா என்று முதலில் சொல்லிவிடுகிறேன். யேர்மனியின் மியூனிச் நகரில் 1810ஆம் ஆண்டு ஒக்டோபரில் பவேரிய இளவரசர் லுட்விக்குக்கும் இளவரசி தெரேசாவுக்கும் திருமணம் நடந்தது. ஊர் மக்களுக்காகக் குதிரைப் பந்தயம் வைத்தார்கள். அது நடந்த புல்வெளிக்கு இளவரசியின் பெயரையே வைத்தார்கள். வருடா வருடம் அந்தக் கொண்டாட்டம் தொடர்ந்து, இன்று ஒக்டோபர்ஃபெஸ்ட் என்று உலகமெல்லாம் தெரிந்த பியர் விழாவாக இருக்கிறது. பல வருடங்களில் 60 இலட்சம் பேர் வரை அங்கே போகிறார்கள். யேர்மனியில் இருக்கும் எங்கள் உறவுகள் பலர் அதைப் பார்த்திருப்பார்கள். சிலர் அங்கே கோப்பை கழுவியும் இருப்பார்கள்.

வளைகுடாவுக்கும் இந்த விழாவுக்கும் ஒரு வழக்குக்கூட இருந்தது. கொரோனா காரணமாக 2020இலும் 2021இலும் மியூனிச்சில் விழா நடக்கவில்லை. அந்த நேரத்தில், 2021 ஒக்டோபரில் டுபாயில் பெரிய அளவில் இதே விழாவை நடத்தப்போகிறோம், முப்பதுக்கு மேற்பட்ட கூடாரங்கள் போடப்போகிறோம் என்று சிலர் விளம்பரம் செய்தார்கள். மியூனிச் நகரசபைக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் விழா இடம் மாறிப் போகிறது என்று சனம் நினைக்கும்படி விளம்பரம் செய்கிறார்கள் என்று நீதிமன்றம் போனார்கள். 2021 ஜூனில் மியூனிச் நீதிமன்றம் அந்த விளம்பரத்துக்குத் தடை போட்டது. ஒரு ஊர்த் திருவிழாவின் பெயருக்காக நகரசபை வழக்காடியது எனக்குப் பிடித்திருந்தது. நல்லூர்த் தேரை வேறு யாராவது எங்கள் தேர் என்று விளம்பரம் செய்தால் நாங்கள் சும்மா இருப்போமா?

பெரிய விளம்பரங்கள் எப்படிப் போனாலும், ஒக்டோபர் வந்தால் டுபாயின் ஹோட்டல்கள் பல தங்கள் புல்வெளியிலும் மண்டபத்திலும் சிறிய அளவில் இந்த விழாவை வருடாவருடம் நடத்தத்தான் செய்கின்றன. நாங்கள் போனதும் அப்படி ஒன்றுக்குத்தான்.

போவதற்கு முதல்நாள் பக்கத்து வீட்டு நானாவிடம் கதைத்தேன். அவர் மன்னார் எருக்கலம்பிட்டிக்காரர். 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது சிறுவனாகப் புத்தளத்துக்குப் போனவர். இங்கே 20 வருடத்துக்கு மேலாக வாகனம் ஓட்டுகிறார். விழாவின் பெயரைச் சொன்னதும் சிரித்தார். "எனக்கு அது மார்க்கத்தால இல்லை. உங்களுக்கு மார்க்கம் தடுக்காட்டியும் சட்டம் இருக்குது. போய்ப் பாருங்க. ஆனா ஒரு துளியும் வண்டியில சார்ஜாவுக்குக் கொண்டு வராதீங்க" என்றார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்று அடுத்த நாள் இரவு விளங்கியது.

வாசலில் எமிரேட்ஸ் அடையாள அட்டையை வாங்கி வயது பார்த்தார்கள். 21 வயது ஆகாவிட்டால் குடிவகை இல்லை. கையில் ஒரு காகிதப் பட்டி கட்டினார்கள். உள்ளே நீளமான மரமேசைகள், வாங்குகள். மேடையில் பித்தளை வாத்தியக் கோஷ்டி. தோல் காற்சட்டை போட்ட ஆண்கள், சரிகை வைத்த பாவாடை கட்டிய பெண்கள். சாப்பாட்டில் பன்றி இறைச்சி அதிகம். ஆகவே சாப்பிடாதவர்கள் கேட்டு வாங்கவேண்டும். உப்புத் தூவிய முறுக்குப் பாண் ஒன்று இருந்தது. அது பாதுகாப்பானது, ருசியும் பரவாயில்லை.

பரிமாறிக்கொண்டு திரிந்தவர்களில் நேபாளிகள், பிலிப்பைன்ஸ்காரர், எங்கள் நாட்டவர். ஒரு பையன் எங்கள் மேசையில் தமிழ் கேட்டதும் நின்றுவிட்டான். மட்டக்களப்புப் பக்கம். ஒரு கையில் நாலு பெரிய கோப்பைகள், மற்றக் கையில் நாலு. "அண்ணன், நான் வாயில வைக்கிறதில்ல. ஆனா எந்தப் பியருக்கு எவ்வளவு நுரை வரணும் என்று கேளுங்க, சொல்லுவன்" என்றான். ஆறு வருடம் இந்தத் தொழிலாம்.

விழாவின் ஒரு பக்கத்தில் சின்னச் சின்னக் கடைகளாகக் கிராஃப்ட் பியர் வரிசை. இந்தச் சொல் புதிதாக இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். பெரிய கம்பனிகள் இலட்சக்கணக்கான போத்தல்களை ஒரே ருசியில் செய்கின்றன. அப்படி இல்லாமல், சிறிய ஆலையில் சிறிதளவாக, செய்பவரின் கைப்பக்குவத்தில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ருசியாக வருவதே கிராஃப்ட் பியர். அடிப்படை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். வாற்கோதுமையை ஊறவைத்து முளைக்கவிட்டு உலர்த்தி, சுடுநீரில் கரைத்து இனிப்புச் சாறு எடுப்பார்கள். ஹொப்ஸ் என்ற பூவைப் போட்டுக் காய்ச்சினால் கைப்பும் வாசமும் வரும். ஆறியதும் மதுவம் சேர்ப்பார்கள். அந்த மதுவம் இனிப்பைத் தின்று மதுவையும் வாயுவையும் தரும். 1516இலேயே பவேரியாவில், வாற்கோதுமை, ஹொப்ஸ், தண்ணீர் தவிர வேறு எதையும் பியரில் போடக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தார்கள். இன்றைய கிராஃப்ட் பியர்காரரோ பழத்தையும் கோப்பியையும் தேனையும் போடுகிறார்கள்.

அரபு நாட்டில் இது எப்படி என்று கேட்பீர்கள். அபுதாபியில் 2021இல் விதிமுறையை மாற்றி, அனுமதி பெற்ற இடங்கள் தங்கள் இடத்திலேயே நொதிக்கவைத்துப் பியர் செய்யலாம் என்றார்கள். அதன் பிறகு அபுதாபியின் அல் மர்யா தீவிலுள்ள கலேரியா வணிக வளாகத்தில் சைட் ஹஸில் என்ற நிறுவனம் ஒரு சிறு பியர் ஆலையைத் திறந்தது. வளைகுடா நாடுகளில் இப்படிப்பட்ட முதல் ஆலை அதுதான் என்று 2024இன் தொடக்கத்தில் உலகப் பத்திரிகைகள் எழுதின. ஆனால் பழைய வரலாற்றைப் பார்த்தால் இது புதினம் இல்லை. இந்தக் கடலின் தலைமாட்டில், இன்றைய ஈராக்கில் வாழ்ந்த சுமேரியர்கள் ஐயாயிரம் வருடங்களுக்கு முன்பே பியர் செய்தவர்கள். நின்காசி என்று பியருக்கு ஒரு தெய்வத்தையே வைத்திருந்தார்கள்.

அந்த வரிசையில் நின்றபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு கடையிலும் பியர் செய்தவரின் பெயரைப் பெரிதாக எழுதி, அவரைப் பற்றி இரண்டு வரியும் போட்டிருந்தார்கள். சனம் போய் அவரோடு கைகுலுக்கிப் படம் எடுத்தது. எங்கள் பனங்கள் என்ன குறைந்த சாமானா? விடிய முதல் மரம் ஏறி, பாளை சீவி, முட்டி கட்டி இறக்குகிற கைப்பக்குவம் அது. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர், பூசாவிட்டால் கள். காற்றிலுள்ள மதுவமே வந்து நொதிக்கவைக்கும். ஆளுக்கு ஆள், மரத்துக்கு மரம் ருசி வேறு. இவர்கள் சொல்லும் கிராஃப்ட் அதுதான். ஆனால் நாங்கள் என்ன செய்தோம்? கள்ளு வேணும், இறக்கின ஆளை வீட்டு வாசற்படி தாண்ட விடமாட்டோம். அவருக்குத் தனிப் பிளா, தனிச் சிரட்டை. 1970களில் கூட்டுறவுச் சங்கங்கள் வந்த பிறகுதான் அந்தத் தொழிலாளருக்குக் கொஞ்சமாவது நிமிரக் கிடைத்தது. வெளிநாட்டுக்காரன் பியர் காய்ச்சினால் கலைஞர், எங்கடை ஆள் கள் இறக்கினால் சாதி. இதை மருமகனுக்குச் சொன்னேன். அவன் தலையாட்டினான். அவனுடைய தலைமுறைக்கு இது கொஞ்சம் விளங்குகிறது என்று நினைக்கிறேன்.

அவன் ஒரு சின்னக் கிளாஸ் வாங்கினான். நான் தடுக்கவில்லை. அவன் வளர்ந்த பிள்ளை. ஒன்று மட்டும் சொன்னேன். கடையில் எழுதியிருக்கும் சதவீதத்தைப் பார்க்கச் சொன்னேன். சாதாரண பியர் 4, 5 வீதம் என்றால், கிராஃப்ட் பியரில் சில 8, 10 வீதமும் இருக்கும். கிளாஸ் சின்னது என்று நினைத்து மூன்று நாலு குடித்தால், எழும்பும்போதுதான் தெரியும். அவன் வாங்கியது 4.5. மெதுவாகக் குடித்தான். நான் லெமன் மின்ற் குடித்தேன். ஏன் நான் குடிப்பதில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பிறகு போட்டிகள் தொடங்கின. மரக்குற்றி அறுக்கும் போட்டி, பாட்டுப் போட்டி, அதன்பின் கோப்பை தூக்கும் போட்டி. ஒரு லீற்றர் பியர் நிரப்பிய கண்ணாடிக் கோப்பையை ஒரு கையில் பிடித்து, முழங்கை மடியாமல் நேரே நீட்டிக்கொண்டு நிற்கவேண்டும். இரண்டு கிலோவுக்கு மேல் பாரம். சிந்தினாலும் கை இறங்கினாலும் வெளியே. மனேஜர் மருமகனைப் பிடித்துத் தள்ளிவிட்டார். பதினைந்து பேர் நின்றார்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் கட்டிவளர்த்த தோள்களோடு பலர். ஒரு நிமிடத்தில் பாதிப்பேர் போய்விட்டார்கள். இரண்டாவது நிமிடத்தில் நாலு பேர். கடைசியில் இவனும் உயரமான ஒரு ஆளும். அந்த ஆளின் கை நடுங்கி நுரை வழிந்தது. இவன் அப்படியே நின்றான்.

மேசை மேசையாகக் கைதட்டினார்கள். "எப்படியடா?" என்று கேட்டேன்.

"தண்ணிக் கான் மாமா" என்றான்.

2009இல் செட்டிகுளம் மனிக் பாம் முகாமில் அவனுக்கு எட்டு வயது. தண்ணீர் வரிசையில் நின்று கானை இரண்டு கையிலும் தூக்கிவந்தவன். வெளியே வந்த பிறகும் வீட்டுக்குக் கிணறு இல்லாமல் வருடக்கணக்காகத் தூக்கினான். அதைச் சொல்லிவிட்டு அவன் மற்றவர்களோடு சிரித்துக்கொண்டு போய்விட்டான். நான் கொஞ்ச நேரம் இருந்த இடத்திலேயே இருந்தேன்.

பரிசு என்ன தெரியுமா? அழகான பெட்டியில் மூன்று போத்தல் பியர்.

விழாவின் ஆபத்து விழாவுக்குள் இல்லை, அதைச் சுற்றித்தான் இருக்கிறது என்று அப்போதுதான் கண்டேன். பதினொரு மணிக்கு எல்லோரும் எழும்பினார்கள். சிலர் வேறொரு இடத்தில் ஆட்டம் இருக்கிறது, வாருங்கள் என்றார்கள். மருமகனோடு வேலைசெய்யும் ஒருவர், நல்ல மனிதர், "நான் சார்ஜா பக்கம்தான் போகிறேன், காரில் ஏறுங்கள்" என்றார். அவர் இரண்டு பெரிய கோப்பை குடித்ததை நான் பார்த்திருந்தேன். ஆள் தள்ளாடவில்லை. நன்றாகத்தான் கதைத்தார். மருமகன் பெட்டியோடு ஏறப்போனான்.

"இல்லைத் தம்பி, நாங்கள் டாக்சியிலை போவம்" என்றேன். அந்த நண்பரிடமும், "நீங்களும் காரை விட்டிட்டு வாருங்கோ" என்றேன். அவர் சிரித்துக்கொண்டு மறுத்தார். மருமகனுக்கு வெட்கம். முகம் சிவந்துவிட்டது. "மாமா, அவர் எனக்குப் பெரியவர். என்ன நினைப்பார்?" என்று மெல்லக் கேட்டான்.

"என்னவும் நினைக்கட்டும். உனக்கு ஒண்டு நடந்தால் கொம்மாவுக்கு நான் என்ன சொல்லுறது?" என்றேன். கடைசியில் மனேஜரே வந்து அவரிடம் சாவியை வாங்கி ஹோட்டல் வாசலில் கொடுத்து, அவருக்கும் ஒரு டாக்சி பிடித்தார். யேர்மன்காரர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அவருக்கு அது அவமானமாகப் படவில்லை. எங்களுக்குத்தான் மறுப்பது மரியாதைக்குறைவு என்று ஒரு எண்ணம்.

அடுத்தது அந்தப் பெட்டி. சார்ஜாவில் 1980களிலிருந்து மதுவுக்கு முழுத் தடை. விற்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. டுபாய்க்கும் சார்ஜாவுக்கும் நடுவில் வேலியும் இல்லை, வாசலும் இல்லை. அல் நஹ்தாவில் றோட்டின் இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம். வாகனம் சும்மா ஓடும்வரை யாரும் பெட்டியைத் திறந்து பார்க்கமாட்டார்கள். யாராவது பின்னால் வந்து இடித்தால் பொலிஸ் வரும். அப்போது பெட்டி உன்னுடையதா, டாக்சிக்காரனுடையதா என்று கேள்வி வரும். அந்த டாக்சி ஓட்டுகிறவனும் எங்களைப் போல வீட்டுக்குக் காசு அனுப்புகிறவன்தான்.

இதைச் சொன்னதும் மருமகன் கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்தான். வாழ்க்கையில் அவன் வென்ற முதல் பரிசு. பிறகு திரும்பிப்போய் மனேஜரிடம் விஷயத்தைச் சொல்லிப் பெட்டியைக் கொடுத்தான். அவர் ஹோட்டல்காரரிடம் பேசி, அவன் தூக்கிய அந்தக் கண்ணாடிக் கோப்பையைக் கழுவித் துடைத்துக் கடதாசியில் சுற்றிக் கொடுக்கச் செய்தார். மட்டக்களப்புப் பையன்தான் கொண்டுவந்து தந்தான். வெறுங் கோப்பைக்கு எந்த எமிரேற்றிலும் தடை இல்லை.

இனி நான் குடிக்காத காரணம். 1990களின் கடைசியில் நான் இங்கே வந்த புதிதில் தொழிலாளர் முகாமில் ஒரு அறையில் எட்டுப்பேர் இருந்தோம். வெள்ளிக்கிழமைகளில் யாரோ ஒருவன் பிளாஸ்ரிக் கானில் ஏதோ கொண்டுவந்து விற்பான். மலிவு. நானும் ஓரிரு தடவை குடித்தேன். ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு வேலை இருந்தது. அன்று குடித்த என் அறைத்தோழர் அடுத்த நாள் மத்தியானம், "ஏன் லைற்றை நூத்தனீங்கள்?" என்று கேட்டார். பகல் பன்னிரண்டு மணி. ஆள் உயிர் தப்பினார், பார்வை தப்பவில்லை. அன்றோடு நான் விட்டேன்.

அது மெதனோல். நல்ல மதுவைப் போலவே மணக்கும், ருசிக்கும். ஈரல் அதை நச்சு அமிலமாக மாற்றும். அது கண் நரம்பைத்தான் முதலில் பிடிக்கும். குடித்தவுடன் ஒன்றும் தெரியாது. அரை நாள், ஒரு நாள் கழித்துத்தான் தலைவலி, வாந்தி, வயிற்றுநோ, பார்வை மங்கல், மூச்சு வாங்கல். 2025 ஓகஸ்ட்டில் குவைத்தில் நடந்ததைப் படித்திருப்பீர்கள். மதுவுக்கு முழுத் தடை உள்ள அந்த நாட்டில் கள்ளச்சாராயம் குடித்து 160 பேர் நோயானார்கள். 23 பேர் இறந்தார்கள். எல்லோரும் ஆசிய நாடுகளிலிருந்து வேலைக்குப் போனவர்கள். ஹோட்டல் விழாவில் கோப்பை தூக்குகிறவர்கள் இப்படிச் சாவதில்லை. முகாமில் இருப்பவன்தான் சாகிறான்.

ஆகவே புதிதாக வந்தவர்களுக்காகச் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவைக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு சட்டம். டுபாயில் கடையில் மது வாங்க 21 வயதும் உங்கள் பெயரில் அனுமதிப்பத்திரமும் வேண்டும். 2023 ஜனவரியிலிருந்து அந்தப் பத்திரத்துக்குக் காசு இல்லை. அப்போது எடுத்துவிட்ட 30 வீத வரியை 2025 ஜனவரியில் திரும்பவும் போட்டுவிட்டார்கள். அபுதாபியில் 2020இலேயே பத்திரம் தேவையில்லை என்றாக்கினார்கள். சார்ஜாவில் ஒன்றுமே இல்லை. குவைத்தில் 1960களிலிருந்து தடை. சவூதியில் 1952இலிருந்து தடை. 2024இல் றியாத்தில் வெளிநாட்டுத் தூதரகத்தாருக்காக ஒரு கடை திறந்ததைக் கேட்டு, அங்கே எல்லோருக்கும் கிடைக்கிறது என்று யாரும் நினைக்கவேண்டாம். கட்டாரில் ஹோட்டல்களில் உண்டு. ஆனால் 2022 உலகக் கிண்ணம் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது மைதானங்களில் பியர் இல்லை என்று அறிவித்தார்கள். பெரிய கம்பனிக்கே அப்படி என்றால் எங்களுக்கு எப்படி என்று யோசியுங்கள். ஊருக்குப் போய்வரும்போது விமானநிலையக் கடைப் போத்தலை இந்த நாடுகளுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இரண்டாவது, குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவது. இங்கே கொஞ்சம், கூட என்ற கணக்கே இல்லை. 2025 மார்ச்சில் வந்த புதிய போக்குவரத்துச் சட்டப்படி 20,000 திர்ஹாமிலிருந்து 100,000 திர்ஹாம் வரை தண்டம் விதிக்கலாம், மறியலுக்கும் அனுப்பலாம். ஓட்டுநர் பத்திரத்தையும் நிறுத்துவார்கள்.

மூன்றாவது, கடற்கரை, பூங்கா, றோட்டு எங்கும் குடிக்கக்கூடாது. குடித்துவிட்டுச் சத்தம் போடவும் கூடாது. பத்திரம் இருக்கிறது என்று காட்டித் தப்பமுடியாது.

நான்காவது, மூடி முத்திரை இல்லாத எதையும் வாயில் வைக்கவேண்டாம். யாராவது குடித்துவிட்டுக் கண் மங்குது என்றால் காலையில் பார்ப்போம் என்று இருக்கவேண்டாம். சட்டத்துக்குப் பயந்து ஒளிக்கவும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரி. மாற்று மருந்து உண்டு, இரத்தச் சுத்திகரிப்பு உண்டு. நேரம் போனால்தான் ஒன்றும் இல்லை.

இதையெல்லாம் நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கனடாவிலும் பிரான்சிலும் இருக்கும் எங்கள் உறவுகளுக்கு அகதி என்ற பத்திரமாவது கையில் இருந்தது. வளைகுடாவின் ஆறு நாடுகளில் ஒன்றும் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. இங்கே வேலைதான் வீசா. வேலை போனால் வீசா போகும். வழக்கு வந்தால் நாடு கடத்தலாம். ஒரு இரவு விளையாட்டுக்கு அக்காவும் இரண்டு பிள்ளைகளும் விலை கொடுக்கவேண்டி வரும்.

குடிக்கவேண்டாம் என்று நான் யாருக்கும் போதிக்க வரவில்லை. விழாவுக்குப் போகவேண்டாம் என்றும் சொல்லவில்லை. மருமகன் அன்று சந்தோஷமாக இருந்தான். அடுத்த நாளிலிருந்து மனேஜர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். முன்பு அந்தப் பெயர் அவருக்குத் தெரியாது. கையில் பியர்க் கோப்பைதான் இருக்கவேண்டும் என்றும் இல்லை. நான் மூன்று மணித்தியாலம் லெமன் மின்ற்றோடு இருந்தேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. "இல்லை, நன்றி" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டு சொன்னால் போதும்.

அடுத்த நாள் காலை அக்கா போன் எடுத்தா. யாரோ படம் போட்டுவிட்டார்கள். பெரிய கோப்பையோடு மகன் நிற்கிறான்.

"தம்பி, உண்மையைச் சொல்லு. அவன் குடிச்சவனோ?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ஒரு சின்னக் கிளாஸ் குடிச்சவன் அக்கா. படத்திலை இருக்கிறது போட்டி. அதைக் குடிக்கேல்லை, பிடிச்சுக்கொண்டுதான் நிண்டவன். வென்றவன். பிறகு ரெண்டுபேரும் டாக்சியிலை வந்தனாங்கள்."

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டா: "டாக்சிக் காசு எவ்வளவு?"

சார்ஜாவுக்குள் வருவதென்றால் மீற்றர் காசுக்கு மேலே இன்னும் 20 திர்ஹாம் என்று சொன்னேன். "அது பரவாயில்லை" என்றா.

அந்தக் கோப்பையில் இப்போது மனைவி கறிவேப்பிலைக் கொப்பைத் தண்ணீர் விட்டு வைத்திருக்கிறாள். ஒரு கிழமை வாடாமல் நிற்கிறது.

அடுத்த மடலில் சந்திப்போம்.